ஃபோர்க் தண்டில் வீட்டிலேயே மரை போடலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்டீல் சைக்கிள் பிரேம் ஒன்றுக்கு, ஒரு அங்குல விட்டமுள்ள தண்டோடு ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். தண்டின் நீளம் 210 மிமீ. அதன் மேல்பக்கம் 40 மிமீ அளவுக்கு மரை இருக்கிறது. தண்டு நுழையும் பிரேமின் கழுத்துக் குழாயோ 140 மிமீதான். தண்டை அளவாக வெட்டினால் மரையில் பெரும்பகுதி வெட்டிய துண்டோடு போய்விடும். மரை வெட்டும் டை ஒன்றை வாங்கி வீட்டிலேயே மரையை நீட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் சொன்ன அளவுகளுக்குச் செய்யலாம். ஆனால் இதற்கு மேல் போகக்கூடாது என்று நான் வைத்திருக்கும் கோட்டை நீங்கள் கிட்டத்தட்ட தொட்டுவிட்டீர்கள். ஏற்கெனவே இருக்கும் மரையைக் கொஞ்சம் கீழே இறக்குவது ஒரு வேலை. மொட்டைக் குழாயில் புதிதாக மரை எடுப்பது முற்றிலும் வேறு வேலை. முதலாவதை மூன்று ஃபோர்க்குகளில் ஒழுங்காக முடித்திருக்கிறேன். இரண்டாவதை ஒரே ஒருமுறை முயன்று கெடுத்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் கணக்கு. பலரும் மேலிருந்து அளந்து குழம்புகிறார்கள். கீழிருந்து அளந்துபாருங்கள், சங்கதி தெளிவாகிவிடும். ஃபோர்க்கின் கிரௌனில், அதாவது கால்களும் தண்டும் சேரும் இடத்தில், கீழ் பேரிங்கின் கோன் உட்காரும் இடத்தைச் சைபராக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தண்டு 210 வரை போகிறது, மரை 170இல் ஆரம்பிக்கிறது. கழுத்து 140. கீழ் பேரிங் செட்டின் உயரம் 12, மேல் செட்டும் லாக் நட்டும் சேர்ந்து 24 என்று வைத்தால் மொத்தம் 176. லாக் நட் தண்டின் நுனியில் முட்டாமல் வாஷர் மேல் இறுகுவதற்கு ஒரு மில்லிமீட்டர் குறைத்தால், தண்டு 175இல் முடிய வேண்டும். உங்கள் செட்டை வெர்னியர் காலிப்பரில் அளந்து இந்த 12ஐயும் 24ஐயும் மாற்றிக்கொள்ளுங்கள். செட்டுக்குச் செட்டு இது மாறும்.

மேல் பேரிங்கின் மரையுள்ள கப் உட்காரும் இடம் சுமார் 152. அது தடையில்லாமல் கீழே இறங்கிப் பேரிங் பால்ஸைத் தொட வேண்டுமென்றால் மரை 150இலாவது தொடங்க வேண்டும். இப்போது 170இல் தொடங்குகிறது. ஆக, 20 மிமீ கீழே நீட்ட வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: தண்டை வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் இந்த 20 மாறாது. "வெட்டாமல் மேலே ஸ்பேசர் அடுக்கிவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். கப்பே கீழே இறங்காதபோது மேலே எத்தனை ஸ்பேசர் போட்டு என்ன? மரை சரியான உயரத்தில் தொடங்கி, நுனி மட்டும் நீண்டிருந்தால்தான் ஸ்பேசர் உதவும். அப்படிப்பட்ட ஃபோர்க்குக்கு டையே தேவையில்லை, ஆக்ஸா பிளேடு போதும். அடுத்தமுறை ஃபோர்க் வாங்கும்போது "தண்டு எவ்வளவு நீளம்" என்பதோடு நிறுத்தாமல், "கிரௌனிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில் மரை ஆரம்பிக்கிறது" என்றும் கேளுங்கள். விற்பவர் முழிப்பார். பரவாயில்லை, அளந்து சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்து, எந்த மரை? ஒரு அங்குலத் தண்டுகளில் இன்று பரவலாக இருப்பது அங்குலத்துக்கு 24 மரை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ராலி நிறுவனம் தன் சொந்த வழக்கமாக 26 மரை வைத்திருந்தது. பழைய பிரெஞ்சு சைக்கிள்களில் தண்டு 25 மிமீ, மரை இடைவெளி 1 மிமீ. இத்தாலியத் தண்டுகளிலும் 24தான், ஆனால் மரையின் கோணம் 60 பாகைக்குப் பதில் 55 பாகை. நம் ஊர் ரோட்ஸ்டர்களுக்குப் பிரிட்டிஷ் பூர்வீகம் உண்டு. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் பெயரிலுள்ள டிஐ, இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ்தான். அதே நிறுவனம் 1960இல் ராலியையும் வாங்கியது. ஆகவே பிரேமில் ஒட்டியிருக்கும் பெயரை வைத்து 24 என்றோ 26 என்றோ முடிவுகட்ட வேண்டாம். அளந்து பாருங்கள்.

அளப்பது சுலபம். பத்து மரை இடைவெளியை வெர்னியரில் பிடியுங்கள். 10.6 மிமீ வந்தால் 24. 9.8 மிமீ வந்தால் 26. சரியாக 10 வந்தால் பிரெஞ்சு. மரை இடைவெளி பார்க்கும் பிட்ச் கேஜ் இல்லையென்றால் இன்னொரு வழியும் உண்டு. ஆங்கில அளவு பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) கப் ஒன்றின் வெளிமரை அங்குலத்துக்கு 24. அதைத் தண்டின் மரைமேல் பக்கவாட்டில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பல்லோடு பல் இடைவெளியின்றிப் பொருந்தினால் 24. ஐந்தாறு மரைக்குப் பிறகு விலகத் தொடங்கினால் அது வேறு. இடைவெளி 1 மிமீ தானா என்று பார்க்க, 10 மிமீ பின் ஆக்சில் ஒன்றை இதேபோல் வைத்துப் பார்க்கலாம்.

டையைத் தேடி ஹார்டுவேர் கடைக்குப் போய் "ஒரு அங்குல டை" என்று மட்டும் கேட்டால், அங்குலத்துக்கு 8 மரை உள்ள போல்ட் டையை எடுத்து நீட்டுவார்கள். குழாய்க்காரர்களின் டையும் உதவாது, அது கூம்பாகப் போகும் வேறு மரை. உங்களுக்கு வேண்டியது 1 அங்குலம், 24 மரை. பொதுக் கடையில் கிடைக்காது, சொல்லி வைத்தோ சைக்கிள் கருவி விற்பவரிடமோதான் வாங்க வேண்டும். அதிலும் ஆறுபட்டையாக, ஸ்பேனர் மாட்டித் திருகும் டை நட்டை வாங்காதீர்கள். அது நசுங்கிய மரையைச் சீர்செய்ய மட்டும்தான். வட்டமாக, ஒரு பக்கம் பிளவு விட்ட டை வேண்டும். ஹேண்டிலில் மூன்று திருகுகள் இருக்கும். நடுவில் உள்ளது பிளவை விரிக்கும், பக்கத்து இரண்டும் நெருக்கும். முதல் சுற்றில் விரித்து மேலோட்டமாக வெட்டலாம். இரண்டாம் சுற்றில் நெருக்கி முழு ஆழம் எடுக்கலாம். கையால் செய்பவருக்கு இந்த வசதி இல்லையென்றால் தோள்பட்டைதான் பதில் சொல்ல வேண்டும்.

இனி குழாயின் சுவர். வேலை கெடுவதும் பல் உடைவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன். தண்டின் வெளிவிட்டம் 25.4 மிமீ, உள்விட்டம் 22.2 மிமீ. அப்படியென்றால் சுவர் 1.6 மிமீ. 24 மரையின் ஆழம் ஏறக்குறைய 0.65 மிமீ. மரை வெட்டிய இடத்தில் மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அதுவும் ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் கூர்மையான கீறலோடு. ஸ்டீல் பெரும்பாலும் இப்படிப்பட்ட கீறலில்தான் விரிசல் விடும். அந்த மெல்லிய இடத்துக்கு உள்ளேயே, ஹேண்டில்பாரைத் தாங்கித் தண்டுக்குள் இறங்கும் ஸ்டெம்மின் ஆப்பு வந்து விரிந்து அழுத்தினால் தண்டு வீங்கும். நாளடைவில் அங்கேயே அறுந்துபோகும். ஓடுகிற சைக்கிளில் ஹேண்டில்பார் தனியாகக் கையோடு வந்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஆகவே விதி இது: மரை எங்கே முடிகிறதோ, ஸ்டெம்மின் ஆப்பு அதற்குக் கீழேதான் பிடிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் வெட்டிய பிறகு மரை நுனியிலிருந்து 25 மிமீதான் இறங்கும். ஸ்டெம்மில் குறைந்தபட்ச ஆழத்துக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். பெரும்பாலும் ஆப்பின் அடி 65 மிமீ அளவுக்காவது உள்ளே போகும். ஆப்பு சாய்ந்து பிடிக்கும் நீளத்தையும் கழித்தால்கூட, நல்ல சுவரில்தான் பிடிக்கிறது. கவலையில்லை. ஆனால் ஹேண்டில்பாரை உயர்த்துவதற்காகக் கோட்டுக்கு மேல் ஸ்டெம்மை இழுத்துவிட்டால் இந்தக் கணக்கு அத்தனையும் வீண்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் ஒன்று இருக்கிறது, பலர் அதை வெட்டிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். நல்ல தண்டுகளில் சுவர் ஒரே தடிமன் கிடையாது. கிரௌனை நெருங்க நெருங்க உள்ளே தடித்துக்கொண்டு போகும். 210 மிமீ தண்டில் ஸ்டெம் தாராளமாக இறங்கியிருக்கும். மேலே 35 மிமீயை வெட்டியதும் அதே ஸ்டெம் பாதியில் போய் முட்டி நிற்கும். எனவே வெட்டும் முன், ஸ்டெம்மைத் தண்டில் விட்டு எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். அந்த ஆழத்திலிருந்து 35ஐக் கழித்த பிறகும் குறைந்தபட்சக் கோடு உள்ளே மறைகிறதா? மறையாவிட்டால் இந்த ஃபோர்க் உங்கள் பிரேமுக்கு இல்லை. யாருக்காவது விற்றுவிடுங்கள்.

அலுமினியத் தண்டு, கார்பன் தண்டு இரண்டிலும் மரை என்ற பேச்சே வேண்டாம். மரையே இல்லாத ஸ்டீல் தண்டு, அதாவது 1990களின் தொடக்கத்தில் டயா-காம்ப்பே நிறுவனத்தின் ஏஹெட்செட்டோடு (மரையில்லாத தண்டுக்கான பேரிங் செட்) பரவிய வகை, அதையும் விட்டுவிடுங்கள். பொருத்தமான ஏஹெட்செட் வாங்கி மாட்டுவது அதைவிட மலிவு.

சரி, வேலைக்கு வருவோம்.

முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தண்டை முதலில் வெட்டாதீர்கள். இப்போது இருக்கும் 40 மிமீ மரைதான் டைக்கு வழிகாட்டி. டை அதில் இறங்கி வரும்போது தானாகவே செங்குத்தாக நிற்கும், அதே பள்ளத்தைத் தொடர்ந்துகொண்டு போகும். முதலிலேயே 35ஐ வெட்டிவிட்டால் வழிகாட்ட வெறும் 5 மிமீதான் மிச்சம், அதுவும் வாயருகே. எனவே மரையை 60 மிமீ ஆக நீட்டுங்கள், அதற்குப் பிறகு மேலே வெட்டுங்கள்.

ஃபோர்க்கை வைஸில் தண்டைப் பிடித்து மாட்டவே கூடாது. குழாய் முட்டை வடிவமாகிவிடும். கிரௌனை இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே கொடுத்துப் பிடியுங்கள். கால்களின் நுனியில் பழைய ஹப் ஒன்றை மாட்டிவிட்டால் அவை நெருங்காது, கோணாது. தண்டில் மரை வரப்போகும் இடத்தில் பெயின்ட் இருந்தால் சுரண்டுங்கள். குரோம் பூச்சு இருந்தால் எமரித் துணியால் தேய்த்து முழுக்க எடுத்துவிடுங்கள். குரோம் டையின் பல்லைத் தின்றுவிடும். பிறகு வெளிவிட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 25.4க்கு மேல் இருந்தால் அரம் போட்டுக் குறைக்க வேண்டும். 25.2க்கும் கீழே இறங்கியிருந்தால் மரை முழு உயரம் வராது, நட் தளர்வாக உட்காரும். சில தண்டுகளில் மரையை வெட்டாமல் உருட்டி எடுத்திருப்பார்கள், மரையின் முகடு குழாயைவிடத் தூக்கலாக இருக்கும். அதனால்தான் மரைமேல் அளக்காமல் வெறுங்குழாயில் அளக்கச் சொல்கிறேன்.

டையின் ஒரு முகத்தில் முதல் இரண்டு மூன்று பற்கள் சரிவாகத் தேய்த்திருக்கும். அந்த முகம் கீழே, கிரௌனைப் பார்த்து இருக்க வேண்டும். இருக்கும் மரையை மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் கொண்டு சுத்தம் செய்துவிட்டு, டையைக் கையாலேயே திருகி இறக்குங்கள். விரலுக்கு அடங்காமல் முரண்டுபிடித்தால் நிறுத்துங்கள். மரைக் கணக்கு தப்பு, அல்லது டை தேவைக்கு மேல் நெருக்கமாக இருக்கிறது. பழைய மரையின் முடிவு வரை சுமையில்லாமல் வந்துவிட்டால் அங்கிருந்து வெட்டு ஆரம்பம்.

எண்ணெய் தாராளமாக விடுங்கள். மரை வெட்டுவதற்கென்றே விற்கும் கட்டிங் ஆயில்தான் நல்லது. அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய்கூட எஞ்சின் ஆயிலைவிடத் தேவலாம். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். பின்னால் திருப்பும்போது "டக்" என்று ஒரு சின்னச் சத்தம் கையில் தெரியும், அதுதான் இரும்புச் சுருள் அறுபடுவது. அந்தச் சத்தம் வராமல் முன்னால் மட்டும் போய்க்கொண்டிருந்தால் சுருள் பல்லுக்கு நடுவே அடைத்துப் புது மரையைப் பிய்த்துவிடும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் மாற்றுங்கள். 20 மிமீ என்பது 19 மரை. விரித்த டையில் ஒருமுறை, நெருக்கி ஒருமுறை. எனக்கு முதல் ஃபோர்க்கில் ஒரு முழு மாலைப்பொழுது பிடித்தது.

தண்டில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருந்தால் (வாஷரின் நாக்கு உட்காருவதற்கானது) டையின் பல் அதன் விளிம்பில் இடறும். அங்கே மெதுவாகப் போங்கள், வேகமாகத் தள்ளினால் பல் உடையும். வெட்டிய பிறகு அந்தப் பள்ளம் போதாமல் போகலாம். அரத்தால் அதைக் கீழே நீட்டலாம் என்று தோன்றும். வேண்டாம். ஏற்கெனவே மெலிந்த சுவரில் இன்னொரு கீறல் எதற்கு? வாஷரின் நாக்கை அரத்தால் எடுத்துவிடுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது கப் கூடவே சுற்றாமல் இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டால் போதும்.

டையின் சரிவுப் பற்கள் முழு ஆழம் வெட்டாது என்பதால், கடைசி இரண்டு மூன்று மரை அரைகுறையாக இருக்கும். அதற்காக 150இல் நிறுத்தாமல் 147 வரை போகலாம். டையைத் திருப்பிப்போட்டு அந்த அரைகுறையையும் முழுசாக்குபவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. மரை மெல்லத் தேய்ந்து மறைந்தால் குழாய்க்கு நல்லது, திடீரென்று முழுப் பள்ளத்தில் நின்றால் அந்த இடம்தான் பலவீனம்.

இப்போதுதான் வெட்டு. பழைய லாக் நட்டைக் கோட்டுக்குக் கீழே திருகி வைத்துக்கொண்டு, மெல்லிய பல் பிளேடால், அதாவது அங்குலத்துக்கு 32 பல் உள்ளதால், நட்டின் முகத்தை ஒட்டி அறுங்கள். நேராக வரும். வெளி விளிம்பை அரத்தால் லேசாகச் சரித்துவிட்டு நட்டைத் திருகி வெளியே எடுத்தால், பிசிறடித்த முதல் மரையை அதுவே நிமிர்த்திவிடும். உள்விளிம்புப் பிசிறையும் வட்ட அரத்தால் எடுங்கள், இல்லையென்றால் ஸ்டெம் உள்ளே போகும்போது கீறும்.

நான் கெடுத்த கதை இதுதான். மரையே இல்லாத ஒரு ஸ்டீல் தண்டு, கையில் புதிதாக வாங்கிய டை, ஞாயிற்றுக்கிழமை. டையைக் கண்மதிப்பில் நேராக வைத்துத் தொடங்கினேன். பார்வைக்கு நன்றாகத்தான் வந்தது, நட்டும் ஏறியது. மாட்டிய பிறகு ஹேண்டில் ஒரு பக்கம் இறுக்கம், எதிர்ப்பக்கம் தொளதொளப்பு. பேரிங்கைப் பலமுறை பிரித்து மாட்டி, பால்ஸைக் குறை சொல்லி, கப்பைக் குறை சொல்லி, கடைசியில்தான் புரிந்தது. மரை தண்டுக்குச் செங்குத்தாக இல்லை, ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் மேலோட்டம், குடித்தவன் நடப்பதுபோல் வளைந்து வளைந்து இறங்கியிருக்கிறது. கப் சாய்ந்து உட்கார்ந்தால் பால்ஸ் எப்படிச் சமமாக உருளும்? அந்த ஃபோர்க் இப்போது என் செடித்தொட்டிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

அப்புறம்தான் ஒரு டர்னரிடம் போய், டை ஹேண்டிலின் அடியில் திருகி மாட்டுகிற மாதிரி, 25.5 மிமீ துளையோடு ஒரு நைலான் புஷ் கடைந்து வாங்கினேன். டைக்கு முன்னால் அந்தப் புஷ் மொட்டைக் குழாயைப் பிடித்துக்கொண்டு போகும், டை சாய முடியாது. சைக்கிள் பட்டறைகளுக்கென்று வரும் ஃபோர்க் டைகளிலும் இதேபோல் வழிகாட்டி வைத்திருப்பார்கள். 20 மிமீ நீட்டுவதற்கு இது கட்டாயமில்லை, ஆனால் செய்துகொள்ளுங்கள்.

"லேத்திலேயே போட்டுவிடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதே டர்னரிடம் கேட்டேன். ஃபோர்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "எங்க பிடிக்கிறது இத?" என்றார். நியாயமான கேள்வி. கால்கள் இரண்டும் முன்பக்கம் வளைந்து நீட்டிக்கொண்டிருக்க, அதைச் சுழற்றினால் லேத்தே ஆடும். ஃபோர்க் செய்பவர்கள் தண்டைக் கிரௌனோடு பற்றவைக்கும் முன்பே, வெறும் குழாயாக இருக்கும்போதே மரை போட்டுவிடுவார்கள். நாம் செய்வது அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிச் செய்யும் வேலை, சிரமம் அதனால்தான்.

மாட்டும் முன் கடைசிச் சோதனை. மேல் கப்பை, கருவி எதுவும் இல்லாமல், விரலால் 150 வரை இறக்கிப் பாருங்கள். எங்கேயும் சிக்கக்கூடாது. இறங்கிய இடத்தில் பக்கவாட்டில் ஆட்டினால் சின்னதாக ஒரு ஆட்டம் இருக்கலாம், லாக் நட் இறுகியதும் போய்விடும். கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்தால் விட்டுவிடுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை இடமிருந்து வலம் மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் மரை சாய்வு. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் கப்பைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளும்போது கழுத்தில் "டொக்" என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும்.

முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்டெம்மைக் கழற்றி, டார்ச் அடித்துத் தண்டின் உள்ளேயும், மரை முடியும் இடத்தில் வெளியேயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே முடி போல ஒரு கோடு தெரிந்தால், அது அழுக்காக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல், மண்ணெண்ணெயில் துடைத்து மறுபடி பாருங்கள்.